சைலன்சரை மாற்றினால் கார்புரேட்டரையும் தொட வேண்டும்

பழவேற்காட்டில் பாலத்தைத் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் ஏரி, நடுவே மணல் திட்டு. எந்தத் திசையில் காற்றடித்தாலும் உப்பு. கடலோரத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் முதலில் துருப்பிடித்து ஓட்டை விழும் பாகங்களில் ஒன்று சைலன்சர்.

வெளியே இருக்கும் உப்பை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் அது. வண்டி நெடுந்தூரம் ஓடினால் நீராவியாகப் போய்விடும். மீன் பெட்டியை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டி, மார்க்கெட் வாசலில் உடனே நிறுத்தினால் சைலன்சர் முழுதாகச் சூடேற நேரமில்லை. நீராவி உள்ளேயே குளிர்ந்து அடியில் தேங்குகிறது. தகடு இரண்டு பக்கமும் அரிபடுகிறது.

கம்பெனி சைலன்சரின் விலையைக் கேட்டதும் பலரும் கடையில் கிடைக்கும் வேறு தயாரிப்பை வாங்கிவிடுகிறார்கள். அதில் குற்றமில்லை. மாட்டிய மறுநாளிலிருந்துதான் தொல்லை தொடங்கும். ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்னால் படபடவென்று வெடிக்கும். ஐடிலிங் நிற்காது. சமயத்தில் பிக்கப் குறையும், இன்ஜின் வழக்கத்தைவிடச் சுடும். சைலன்சர் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் சைலன்சர் மேல் தப்பில்லை. இன்ஜின் மூச்சை வெளியே விடும் வழியை மாற்றிவிட்டு, உள்ளே இழுக்கும் வழியைப் பழையபடியே விட்டுவைத்ததுதான் தப்பு.

சத்தத்தை மூடும் உறை என்று சைலன்சரை நினைப்பதால் வரும் வினை இது. புல்லட் போன்ற ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் வண்டி நிமிடத்துக்கு 1,200 சுற்றில் சும்மா நின்றாலும், நொடிக்கு 10 முறை வெடிக்கிறது. ஒவ்வொரு முறையும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. சூடான புகையில் அந்த அலை நொடிக்கு சுமார் 500 மீட்டர் வேகத்தில் ஓடும். குழாய் திடீரென்று விரியும் இடத்தில், அல்லது வெளிக்காற்றைத் தொடும் முனையில், அலையின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. வரும்போது அது தள்ளும் அலையல்ல, உறிஞ்சும் அலை. வால்வு மூடுவதற்குள் வந்து சேர்ந்தால் சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை வெளியே இழுத்து, புதுக் காற்று உள்ளே வர இடம் செய்து கொடுக்கும். நேரம் தப்பினால் அந்த உதவி கிடைக்காமல் புகை உள்ளேயே தங்கிவிடும். குழாயின் நீளம், விட்டம், உள்ளே இருக்கும் தடுப்புகள் எல்லாம் சேர்ந்துதான் இந்த நேரத்தை முடிவு செய்கின்றன. இன்ஜினுக்கு ‘பேக் பிரஷர்’ வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்களில் சொல்வார்கள். அடைப்பால் எந்த இன்ஜினுக்கும் லாபமில்லை, சரியான நேரத்தில் திரும்பும் அலையால்தான் லாபம்.

இரண்டு ஸ்ட்ரோக்கில் இது இன்னும் கறார். அங்கே எக்ஸாஸ்ட் வால்வே கிடையாது, குழாயிலிருந்து திரும்பும் அலைதான் வால்வின் வேலையைப் பார்க்கிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950-களில் இதைப் பாடுபட்டு வளர்த்தெடுத்தார். 1961-இல் அவருடைய 125 சிசி பந்தய வண்டி 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டு அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பிப் போய் சுசூகியில் சேர்ந்தார். அந்த வித்தை ஜப்பானுக்குப் போன வழி அது. 1985-இல் இந்தியாவில் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசியில் 11 குதிரைத்திறன் காட்டியதில் அதன் சைலன்சருக்குள் இருக்கும் வடிவத்துக்கும் பங்கு உண்டு. அந்தச் சைலன்சரின் உள்ளே இருப்பதை வெட்டி எறிந்து அலற விடுகிறவர்கள் வண்டியின் பலத்தையும் சேர்த்து வெட்டுகிறார்கள்.

எதை வாங்குவது? உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஓட்டைக் குழாய்கள் வழியே புகையைச் சுற்றவிடுவது ஒரு வகை. நேர்க் குழாயில் சிறு துளைகள் போட்டு, அதைச் சுற்றிக் கண்ணாடி இழை திணித்தது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் இழை எரிந்து பறந்த பிறகு வெறும் தகரக் குழாய்தான் மிஞ்சும். அதனால் இழையை மாற்ற வழியுள்ளதாகப் பார்க்க வேண்டும். கடலோரத்தில் குரோம் பூச்சை நம்பக் கூடாது. விலை கூடினாலும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உழைக்கும். அடியில் தண்ணீர் வடிய ஊசித் துளை இருந்தால் அடைத்துவிடாதீர்கள்.

சத்தத்துக்குச் சட்ட வரம்பு உண்டு. 80 சிசிக்கு மேல் 175 சிசி வரையிலான வண்டி தயாராகி வரும்போது 77 டெசிபல், அதற்கு மேற்பட்டதற்கு 80. மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கும். எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஏரியில் நிற்கிறது. சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக மேயும் கரையோரத்தில், தடுப்பை உருவி எடுத்த சைலன்சரோடு போவது அநியாயம். சத்தம் கூடினால் சக்தி கூடியதாகப் பொருளில்லை.

இனி மாட்டுவது. வண்டி ஆறியிருக்க வேண்டும். இன்ஜின் ஹெட்டில் பெண்ட் பைப்பைப் பிடித்திருக்கும் நட்டுகள் உப்புக் காற்றில் இறுகிப் போயிருக்கும். முந்தைய இரவே துருநீக்கி எண்ணெயை ஊற விடுங்கள். ஸ்பேனரைப் போட்டு மூர்க்கமாகத் திருகினால் ஸ்டட் அலுமினிய ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். பிறகு லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஹெட் வாயில் இருக்கும் பழைய பேக்கிங் வளையத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். எல்லா நட்டுகளையும் முதலில் கையால் மட்டும் ஏற்றி, குழாய் தானாக உட்காரும்படி விட வேண்டும். அப்புறம் ஹெட் பக்கம் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கி, பின்பக்கத் தாங்கியைக் கடைசியில் இறுக்க வேண்டும். தாங்கியை முதலில் இறுக்கினால் குழாய் எப்போதும் முறுக்கிலேயே இருந்து, சில மாதத்தில் வெல்டிங் விடும். ஒரு முறை சூடேறி ஆறிய பிறகு மீண்டும் ஒரு சுற்று இறுக்குங்கள்.

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் கசிவு பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது சைலன்சர் முனையில் தடித்த துணியை ஒரு நொடி அழுத்தினால், பேக்கிங் பக்கம் ‘புஸ்’ஸென்று சத்தம் வருகிறதா என்று கேட்கலாம். கசியும் இடம் புகையை வெளியே விடுவதோடு நிற்காது. உறிஞ்சும் அலை வரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் எரியாமல் வந்த பெட்ரோல் அந்தக் காற்றைச் சந்தித்துக் குழாய்க்குள் வெடிக்கிறது. பாதிப் படபடப்பு பேக்கிங் மாற்றினாலே தீரும்.

மீதிப் பாதி கார்புரேட்டர். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கு மேல் காற்று. சைலன்சர் இலகுவானால் காற்று வரும் அளவும் அலை வரும் நேரமும் மாறும். கார்புரேட்டர் கொஞ்சம் ஈடுகட்டும், முழுதாக அல்ல. விளைவு, காற்று மிஞ்சிப் பெட்ரோல் குறைந்த கலவை. மெக்கானிக்குகள் ‘லீன்’ என்பார்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இதை இன்னும் கூட்டும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதற்குக் காற்று குறைவாகவும் எரிபொருள் அதிகமாகவும் தேவை. ஈரக் காற்றில் அது தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியானால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுவது நல்லது.

திருவொற்றியூரில் 1955 முதல் தயாரான புல்லட்டின் பிற்கால 350-களில், 24 மில்லிமீட்டர் வாய் கொண்ட மிக்கார்ப் கார்புரேட்டர் இருந்தது. அதையே வைத்துப் பேசலாம். த்ராட்டிலை எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை பைலட் ஜெட்டும் பக்கத்தில் இருக்கும் ஏர் ஸ்குரூவும் வேலை செய்கின்றன. கால் பங்கிலிருந்து முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். எந்த இடத்தில் வண்டி திணறுகிறது என்று பார்த்து அந்தப் பாகத்தை மட்டும் தொட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருகினால் எது சரி செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

இன்ஜினை நன்றாகச் சூடேற்றுங்கள். ஏர் ஸ்குரூவை மெல்ல உள்ளே முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் கால் சுற்றாக நகர்த்தி, ஐடிலிங் அதிகமாக ஏறும் இடத்தில் நிறுத்தி, பிறகு ஐடில் ஸ்குரூவால் வேகத்தைக் குறையுங்கள். இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பது காற்று ஸ்குரூ, உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்குரூ, வெளியே திருகினால்தான் கூடும்.

நடு ஓட்டத்தில் இழுவை இல்லையென்றால் ஊசியின் கிளிப்பை ஒரு வரி கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். முழு ஆக்ஸிலேட்டரில் திணறினால் மெயின் ஜெட்டை ஒரு எண் ஏற்ற வேண்டும். கெய்ஹின் ஜெட்டில் 100 என்றால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துளை. 105 என்றால் 0.05 மில்லிமீட்டர் கூடுதல், ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. மிக்குனியின் எண் நிமிடத்துக்குப் பாயும் அளவை ஒட்டியது, அதனால் இரண்டையும் ஒப்பிடக் கூடாது. கம்பி விட்டு ஜெட்டைக் குத்திச் சுத்தம் செய்வதை நான் எங்கே பார்த்தாலும் தடுப்பேன். அந்தக் கம்பி சுரண்டும் அளவே ஜெட்டின் எண்ணை மாற்றப் போதும்.

சில நாள் ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் இன்னும் லீன். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளிர் பழுப்பு வந்தால் விட்டுவிடலாம். இந்த அளவு கடல் மட்டத்துக்குத்தான். 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊட்டியில் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும், அங்கே இதே வண்டி கரும்புகை விடும்.

கண்ணால் பிளக் பார்ப்பதைவிடத் துல்லியமான கருவி பெட்ரோல் பங்க் ஓரத்துப் புகைச் சோதனை மையத்தில் இருக்கிறது. சான்றிதழுக்காக மட்டும் அங்கே போகிறோம். குழாயை மாட்டியதும் திரையில் கார்பன் மோனாக்சைடு சதவீதம் தெரியும். 2000-க்குப் பிந்தைய, பிஎஸ்-4-க்கு முந்தைய வண்டிகளுக்கு ஐடிலிங்கில் 3.5 சதவீதம்தான் மேல் வரம்பு. ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துப் போய், சோதனை செய்பவரிடம் கேட்டுக்கொண்டு, அந்த எண்ணைப் பார்த்தபடியே கால் சுற்று திருகிச் சரிசெய்யலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் பெரும்பாலான இரு சக்கர வண்டிகள் ஃப்யூல் இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன. சென்சாரும் கணினியும் கலவையைப் பார்த்துக்கொள்ளும் அந்த வண்டிகளில் திருக ஸ்குரூ கிடையாது, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சைலன்சர் பாதையிலேயே இருக்கிறது. அவற்றில் மாற்றுச் சைலன்சர் வாங்கும்போது, அந்தக் கன்வர்ட்டர் பழையபடி இருக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தைக் கொடுக்க வேண்டும்.