உஸ்பெக்கும் கான்டனீஸும்: ஒரு கோப்பை டீயில் நான் ஏமாந்த கதை

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு ஃபார்வர்ட் வந்தது. உஸ்பெக், கான்டனீஸ் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாம். அடியில் யாரோ "இரண்டுக்கும் தாய் தமிழே" என்று ஒரு வரி ஒட்டியிருந்தார்கள். எழுதியவர் பெயர் இல்லை. அந்தக் கடைசி வரியைத் தவிர மற்றதை எழுதியது நான்தான்!

பல வருடங்களுக்கு முன் என் டீமில் தாஷ்கண்ட்காரர் ஒருவரும் ஹாங்காங்காரர் ஒருவரும் இருந்தார்கள். தேநீரை ஒருவர் "சோய்" என்பார், மற்றவர் "சா" என்பார் (இரண்டிலும் ச-வை 'மச்சான்' மாதிரி அழுத்திச் சொல்லுங்கள்). எனக்குள் இருந்த ஆராய்ச்சியாளன் முழித்துக்கொண்டான். எக்ஸெலில் இரண்டு மொழிச் சொற்களையும் தமிழ் எழுத்தில் அடித்து, ஒத்துப்போவது போலத் தெரிந்ததற்கெல்லாம் மஞ்சள் பூசி, நண்பர்களுக்கு மெயில் அனுப்பினேன். அது தப்பு. எங்கே சறுக்கினேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் அடிப்படை. உஸ்பெக் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. உய்குர் அதற்கு நெருங்கிய சொந்தம். பேசுவோர் 3 கோடிக்கும் மேல். கான்டனீஸ் சீன மொழிகளில் யுவே என்ற கிளையைச் சேர்ந்தது. குவாங்சோ, ஹாங்காங், மக்காவ் பக்கம் பேசுகிறார்கள்.

இரண்டின் கட்டுமானமும் நேர் எதிர். உஸ்பெக்கில் "நீங்கள் வந்தீர்களா?" என்று கேட்க ஒரே சொல் போதும்: கெல்திங்கிஸ்மி. பிரித்தால் கெல் (வா), தி (இறந்த காலம்), ங்கிஸ் (நீங்கள்), மி (கேள்வி). நம் 'வந்தீர்களா'வும் இதே வரிசைதான்: வினை, காலம், ஆள், கடைசியில் கேள்விக்கு 'ஆ'. வீட்டுக்கு 'உய்'. 'உய்லாரிமிஸ்தா' என்றால் 'எங்கள் வீடுகளில்'. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகலாம்.

கான்டனீஸில் இந்தக் கோப்பு வேலை கிடையாது. வினைச்சொல் ஆளுக்கோ காலத்துக்கோ உருமாறாது. "வருகிறாயா?" என்பதற்கு "நேய் லை ம் லை". சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நீ வா இல்லை வா', அவ்வளவுதான். வேலை முடிந்துவிட்டது என்று காட்ட, வினைக்குப் பின்னால் ஒரு சின்னத் துணைச்சொல் வரும். பொருளைப் பிரிக்கும் பாரத்தில் பெரும்பகுதியைத் தொனி சுமக்கிறது. 'சி' என்ற ஒரே அசையை 6 தொனிகளில் சொன்னால் கவிதை, வரலாறு, முயற்சி, நேரம், சந்தை, விஷயம் என்று 6 வெவ்வேறு சொற்கள். என் எக்ஸெலில் ஆறும் ஒரே 'சி'யாகத்தான் இருந்தன.

ஒரு இடத்தில் மட்டும் இரண்டும் கைகோர்ப்பது போலத் தெரிந்தது. "இரண்டு புத்தகம்" என்பதற்கு உஸ்பெக்கில் 'இக்கிதா கிதாப்'. 'இக்கி' இரண்டு, 'தா' எண்ணிக்கை ஒட்டு. கான்டனீஸில் 'லோங் புன் ஷு'. நடுவில் உள்ள 'புன்' புத்தகத்தை எண்ணும் சொல். இரண்டிலும் பன்மை விகுதி இல்லை. உடனே மஞ்சள் பூசினேன். ஆனால் ஜப்பானியரும் எண்ணும் சொல் வைத்துத்தான் எண்ணுகிறார்கள். ஹங்கேரியனிலும் எண்ணுக்குப் பின் ஒருமைதான். அமைப்பு ஒத்துப்போனாலே சொந்தம் என்றால், 'வந்தீர்களா'வை வைத்து உஸ்பெக்குக்கு முதல் சொந்தக்காரர்கள் நாமாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, தேநீர்? அது கடன் வாங்கிய சொல். சீனத்து 'சா' தரைவழியாகப் பாரசீகம் போய் 'சாய்' ஆனது. அங்கிருந்து உஸ்பெக்கில் 'சோய்'. தெற்குச் சீனக் கரையில் புஜியன் பக்கத்து மின் மொழியில் அதே சொல் 'தே'. டச்சு வணிகர்கள் அதைக் கப்பலேற்றினார்கள். ஆங்கிலத்தின் 'டீ'யும் நம் தேயிலையின் 'தே'யும் அந்த வழியில் வந்தவை. சரக்கு போகும் இடமெல்லாம் அதன் பெயரும் கூடவே போகும். மேலே சொன்ன 'கிதாப்' கூட அரபியிலிருந்து வந்ததுதான்.

அப்படியானால் சொந்தத்தை எதை வைத்துச் சொல்வது? ஒலி மாற்றம் ஒரு விதிப்படி நடந்திருக்க வேண்டும், அதுவும் கை, கண், பல் போன்ற தினசரிச் சொற்களில். உஸ்பெக்கையும் துருக்கியையும் பாருங்கள். 'வா', 'கண்', 'நாள்' என்ற சொற்கள் உஸ்பெக்கில் 'கடல்' ககரத்தில் தொடங்கினால், துருக்கியில் 'காந்தி' ககரத்தில் தொடங்குகின்றன. 'நாக்கு', 'பல்', 'மலை' உஸ்பெக்கில் 'தலை' தகரம், துருக்கியில் 'தேவி' தகரம். சொல் சொல்லாக அதே விதி. கான்டனீஸுக்கும் மாண்டரினுக்கும் இடையிலும் இப்படித்தான்: பத்துக்கு 'சப்', ஒன்றுக்கு 'யத்', எட்டுக்கு 'பாத்' என்று கான்டனீஸ் கடைசியில் வைத்திருக்கும் மெய்யெழுத்து, மாண்டரினில் 'ஷி', 'யி', 'பா' என்று உதிர்ந்துவிட்டது. உஸ்பெக்குக்கும் கான்டனீஸுக்கும் இடையே இப்படி ஒரு விதியைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தமிழ் எழுத்தில் அடித்ததால் அந்த க-வும் இந்த க-வும் என் பட்டியலில் ஒன்றாகிவிட்டன. இருந்த விதி மறைந்தது, இல்லாத ஒற்றுமை முளைத்தது. டேட்டாவைச் சேமிக்கும்போதே தகவலைத் தொலைத்துவிட்டு, பிறகு அதில் பேட்டர்ன் தேடியிருக்கிறேன். என் தொழிலில் ஜூனியர் யாராவது இதைச் செய்தால் நானே திட்டியிருப்பேன். எழுத்து வெறும் சட்டைதான். உஸ்பெக் அரபு எழுத்திலிருந்து 1920களின் இறுதியில் லத்தீனுக்கும், 1940-ல் சிரிலிக்குக்கும், 1993 சட்டப்படி மறுபடி லத்தீனுக்கும் மாறியது. சொந்தபந்தம் மாறவில்லை.

குழுவில் திருத்தம் போட்டேன். "நீ என்ன பெரிய மொழியியல் அறிஞனா?" என்று சித்தப்பா கேட்டார். இல்லைதான். முதல் மெயில் அனுப்பியபோதும் இல்லை. அப்போது யாரும் கேட்கவில்லை. அந்த ஃபார்வர்ட் உங்களுக்கும் வந்தால், எழுதியவனே வாபஸ் வாங்கிவிட்டான் என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.