கார்ப்பரேட்டருக்குத் தெரியாத காற்று

கார்ப்பரேட்டர் உள்ள புல்லட் வாங்கியவர்கள் பலர் முதலில் மாற்றுவது சைலன்சரைத்தான். அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கார்ப்பரேட்டரின் வாயிலேயே கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்றை மாட்டுகிறார்கள். சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. ஆனால் வண்டி கால்வாசி ஆக்சிலரேட்டரில் திக்குகிறது. ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னால் டப் டப்பென்று வெடிக்கிறது. கொஞ்ச தூரம் விரட்டினால் இன்ஜின் அனலாகக் கொதிக்கிறது. “லீன் ஆயிடுச்சுண்ணே, ஜெட் மாத்தணும்” என்பார் மெக்கானிக். காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லை, பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும் என்கிறார். அவர் சொல்வது சரிதான். ஏன் சரி என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

காற்று கூடினால் அதற்கேற்ற பெட்ரோலைக் கார்ப்பரேட்டர் தானே இழுத்துக்கொள்ளாதா? ஓரளவுக்கு இழுக்கும். காற்றுவழியின் நடுவே குறுகலான தொண்டை ஒன்று உண்டு. அங்கே காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைகிறது. 1738இல் டேனியல் பெர்னூலி தன் நூலில் விளக்கிய சங்கதி. கீழே ஃப்ளோட் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தமும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் வழியே மேலே தள்ளுகிறது. ஆக, எவ்வளவு காற்று போகிறது என்று கார்ப்பரேட்டர் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் அழுத்த வித்தியாசம் மட்டுமே.

கம்பெனி ஃபில்டர் பெட்டி காற்றைச் சற்றே தடுக்கிறது. அதனால் தொண்டைக்கு வருமுன்பே அழுத்தம் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. அந்த இறக்கமும் பெட்ரோலை இழுப்பதில் சேர்ந்துகொள்கிறது. பழைய கார்ப்பரேட்டர்களில் சோக் என்பது காற்றுவழியை மறைக்கும் ஒரு தகடு. அந்தக் கணக்கில் ஃபில்டர் பெட்டி எந்நேரமும் லேசாக இழுத்துவிட்ட சோக் என்றே சொல்லலாம். தொழிற்சாலையில் ஜெட் எண்ணைத் தேர்ந்தவர்கள் இதையும் சேர்த்தே தேர்ந்தார்கள். பெட்டியைக் கழற்றியதும் அந்த உபரி இழுப்பு போய்விடுகிறது. காற்று கூடுகிறது, பெட்ரோல் அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

சைலன்சரின் கதை இன்னும் சிக்கலானது. எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். அந்தச் சிறு இடைவெளியில், வேகமாக வெளியேறும் புகை தன் பின்னால் புதுக் கலவையையும் சேர்த்து இழுக்கிறது. குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் பொறுத்து, சில வேகங்களில் இந்த இழுப்பு கூடும். வேறு சில வேகங்களில் குழாய்க்குள் திரும்பி வரும் அழுத்த அலை அதைக் கெடுக்கும். எனவே சைலன்சர் மாற்றினால் எல்லா வேகத்திலும் ஒரே அளவில் லீன் ஆகாது. ஒரு ஸ்க்ரூவைத் திருகி வேலையை முடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஆனால் முழு ஆக்சிலரேட்டரில் அதிக சக்தி கிடைப்பது 12.5, 13 அருகே, அதாவது பெட்ரோல் சற்று மிஞ்சும்போது. உள்ளே வந்த ஆக்சிஜன் வீணாகாமல் எரியும். மிஞ்சிய பெட்ரோல் ஆவியாகிச் சூட்டையும் தணிக்கும். “லீன் ஆனால் சூடேறும்” என்ற பேச்சு பாதி உண்மை. சூடு உச்சத்தைத் தொடுவது 14.7 சுற்றுவட்டாரத்தில், அதைத் தாண்டி இன்னும் லீனாகப் போனால் சூடு இறங்கும், கூடவே இழுவையும் இறங்கும். முழு வேகத்தில் 12.5இல் ஓட வேண்டிய இன்ஜினை 14க்குத் தள்ளுவது, அதை நேராக அந்த உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்துவதாகும்.

ட்யூனிங்குக்கு முதலில் வேண்டியது ஆக்சிலரேட்டர் பிடியில் ஒட்டிய ஒரு துண்டு டேப். கால், அரை, முக்கால் என்று அதில் கோடு போட்டுக்கொண்டால்தான் எந்த இடத்தில் வண்டி திக்குகிறது என்று சரியாகச் சொல்ல முடியும். இன்ஜின் வேகத்தைவிடத் திருகலின் அளவுதான் இங்கே முக்கியம். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட்டின் ஆட்சி. கால் முதல் முக்கால் வரை நீடில், அதாவது காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடில் தொங்கும் ஊசி. அதற்குக் கீழே ஸ்லைடின் வெட்டும் ஸ்லோ ஜெட்டும். மெயின் ஜெட்டிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனென்றால் நீடிலுக்குப் போகும் பெட்ரோலும் அதன் வழியாகத்தான் போகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நீடிலின் கிளிப்பை ஒரு வரி கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறி, கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். தலைகீழாகத் தோன்றும் இந்த ஒரு விஷயத்தில் தடுமாறாதவர்கள் குறைவு.

இன்னொரு பொறி, மிக்ஸர் ஸ்க்ரூ. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350இல் உள்ள மிக்கார்ப் விஎம் 24இல் அது காற்றை அளக்கிறது, வெளியே திருகினால் லீன். பின்னால் வந்த பிஎஸ் 29இல் அது இன்ஜின் பக்கம் இருந்து பெட்ரோலை அளக்கிறது, வெளியே திருகினால் ரிச். இந்தப் பிந்தைய வகையில் ஸ்லைடைத் தூக்குவது நம் கை அல்ல, அழுத்த வித்தியாசம்தான். அதன் வாயில் உள்ள சின்னத் துளைகளைக் கூம்பு ஃபில்டரின் ரப்பர் விளிம்பு மறைத்துவிட்டால், ஜெட்டை எத்தனை முறை மாற்றினாலும் வண்டி சரிக்கு வராது. நல்ல வண்டியின் கம்பெனிப் பெட்டியைக் கழற்றுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. புல்லட்டில் கிடைக்கும் லாபம் கடிகாரத்தைவிடக் காதுக்கே அதிகம். அந்தச் சத்தத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பின்னால் வெடிக்கும் சத்தத்துக்கு எப்போதும் ஜெட் காரணமல்ல. சைலன்சர் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும் அதன் வழியே காற்று புகுந்து, எரியாமல் வந்த கலவையைச் சூடான குழாயில் பற்றவைக்கும். ஜெட் வாங்கக் கடைக்குப் போகுமுன் இணைப்பில் உள்ள கேஸ்கெட்டைப் பார்ப்பது மலிவு.

எதையுமே மாற்றாத பழைய வண்டிக்காரர்களும் இப்போது இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டார்கள். பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்திருப்பதால் 1 பங்குக்கு 9 பங்கு காற்றே அதற்குப் போதும். கலந்த பிறகு 14.7 என்பது ஏறக்குறைய 13.5 ஆகிறது. ஜெட் பழைய ஜெட்டாகவே இருந்தால் வண்டி 7, 8 சதவீதம் லீன். ஃபில்டரையும் சைலன்சரையும் ஏற்கெனவே மாற்றியவருக்கு மூன்றும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ட்யூனிங்கைத் தொடங்குமுன் ஃப்ளோட் கிண்ணத்தின் அடித் திருகைக் கழற்றி, தேங்கியதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.