ரெய்ட் இருக்கு, பேக்கப் இல்லை: செத்துப்போன ஸ்டோரேஜ்ல இருந்து கணக்கை எப்படி மீட்கிறது?

இது எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்பச் சொன்னதை எல்லாம் வெட்டிட்டு, படிக்க வசதியா கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. மேற்குத் தாம்பரத்துல ஆஃப்செட் பிரஸ் வச்சிருக்கிற ஒரு அண்ணன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் அடிக்கிறவர். ஆபீஸ்ல நாலு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி ஒண்ணு. டிசைன் ஃபைல், டேலி, யார் யார் எவ்வளவு பாக்கி தரணும்ங்கற எக்ஸல் ஷீட் எல்லாமே அதுக்குள்ளதான். ஒரு நாள் காலையில வந்து பார்த்தா எந்த ஃபோல்டரும் திறக்கல. "தம்பி, சர்வீஸுக்கு வந்தவர் இனிஷியலைஸ் பண்ணினா சரியாயிடும்ங்கறாரு. பண்ணிடலாமா? முகூர்த்த மாசம், வேலை நிக்குது."

நான் அனுப்பின பதில் மூணு வார்த்தை. பண்ணாதீங்க. ஆஃப் பண்ணுங்க. ஏன் அப்படிச் சொன்னேங்கறதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல ரெய்ட். நாஸ் விக்கிறவங்க "ரெய்ட் 5 போட்டிருக்கோம் சார், ஒரு டிஸ்க் போனாலும் கவலை இல்ல"ன்னு சொல்லுவாங்க. பொய் இல்ல. ஆனா பாதிதான் சொல்றாங்க. கணக்கு நோட்டை வச்சே பார்ப்போம். முதல் நோட்டுல 37, ரெண்டாவதுல 25, மூணாவதுல 41 எழுதியிருக்கு. நாலாவது நோட்டுல இந்த மூணோட கூட்டல் 103 மட்டும். ரெண்டாவது நோட்டு தொலைஞ்சு போச்சா? 103ல இருந்து 37ஐயும் 41ஐயும் கழிச்சா 25 வந்துடும். ரெண்டு நோட்டு சேர்ந்து தொலைஞ்சா கணக்கு தீராது. ரெய்ட் 5 இவ்வளவுதான். கம்ப்யூட்டர் கூட்டலுக்குப் பதிலா எக்ஸார்னு ஒரு பிட் கணக்கு போடும். அந்தக் கூட்டல் பகுதியும் ஒரே டிஸ்க்ல இருக்காது, நாலு டிஸ்க்லயும் மாறி மாறி உட்கார்ந்திருக்கும்.

இப்போ நோட்டுல ஒருத்தர் தப்பா ஒரு எண்ணை அடிச்சு எழுதுறாருன்னு வைங்க. உடனே கூட்டலும் மாறிடும். தப்பு பத்திரமா பாதுகாக்கப்படும். ஃபைலை அழிச்சாலும் அப்படித்தான், வைரஸ் வந்து எல்லாத்தையும் பூட்டினாலும் அப்படித்தான். ரெய்டோட வேலை ஒரு டிஸ்க் செத்தாலும் கடை ஓடணும்ங்கறது மட்டும்தான். நேத்தைய கணக்கை அது ஞாபகம் வச்சுக்காது.

இன்னொரு சிக்கல், நாலு டிஸ்க்கையும் ஒரே நாள், ஒரே கடையில வாங்கியிருப்போம். ஒரே வயசு, ஒரே சூடு, ஒரே அளவு வேலை. ஒண்ணு போற சமயத்துல மத்ததும் களைச்சுப் போய்த்தான் இருக்கும். அப்போ புது டிஸ்க் சொருகி ரீபில்ட் போட்டா, மிச்சம் இருக்கிற மூணையும் முதல் எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் நிறுத்தாம படிக்க வைக்கிறோம். சாதாரண டிஸ்க்குகளோட ஸ்பெக் ஷீட்ல 100 லட்சம் கோடி பிட் படிச்சா ஒரு இடம் படிக்க முடியாம போகலாம்னு போட்டிருப்பாங்க. அது 12.5 டெராபைட். நாலு டெராபைட் டிஸ்க் மூணு படிச்சா 12 டெராபைட். நிஜத்துல டிஸ்க்குகள் இதைவிட நல்லாவே நடந்துக்கும், ஆனா வயசான டிஸ்க்கை அந்த நேரத்துல சோதிச்சுப் பார்க்கிறது தேவையில்லாத ரிஸ்க்.

இனிஷியலைஸ் இதைவிட மோசம். புது ரெய்ட் உருவாக்கினதும் பெட்டி பின்னணியில புதுக் கூட்டலைக் கணக்குப் போட்டு டிஸ்க் மேல எழுத ஆரம்பிச்சுடும். நாம டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள பழைய கணக்கு மேல புதுக் கணக்கு ஏறிடும்.

அந்த வார சனிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போனேன். நான் ரெக்கவரி லேப் வச்சிருக்கிறவன் இல்ல, வேலை சாஃப்ட்வேர்ல. ஆனா இந்த மாதிரி நாஸ் பெட்டிகள் பலதுலயும் உள்ளே இருக்கிறது லினக்ஸ்தான். டிஸ்க்கை வெளியே எடுத்து வேற லினக்ஸ் கம்ப்யூட்டர்ல மாட்டினாலும் படிக்கலாம். முதல் வேலை, மார்க்கர் பேனாவால ஒவ்வொரு டிஸ்க் மேலயும் அது எந்த ஸ்லாட்ல இருந்துச்சுன்னு 1, 2, 3, 4 எழுதினது. சின்ன விஷயமா தெரியும், ஆனா வரிசை தெரியலைன்னா பின்னாடி புதிர் போடணும்.

லினக்ஸ்ல ஒவ்வொரு டிஸ்க்லயும் அது கடைசியா எப்போ குழுவோட சேர்ந்து வேலை செஞ்சதுன்னு ஒரு குறிப்பு இருக்கும், கூடவே ஈவென்ட் கவுன்ட்னு ஒரு எண். அதைப் பார்த்தா கதை தெரிஞ்சுடுச்சு. மூணாவது டிஸ்க் பல வாரத்துக்கு முன்னாடியே விழுந்திருக்கு. பெட்டி பீப் அடிச்சிருக்கு. சத்தம் தொந்தரவா இருக்குன்னு யாரோ மியூட் பண்ணியிருக்காங்க! அதுக்கப்புறம் மூணு டிஸ்க்ல ஓடிக்கிட்டிருந்து, அன்னைக்குக் காலையில ரெண்டாவதும் விழுந்திருக்கு.

இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. மூணாவது டிஸ்க்கை மாட்டினா ஒழுங்கா படிக்குது, ரெண்டாவது திணறுது. அதனால மூணாவதை வச்சு ரெய்டைச் சேர்த்துடலாம்னு தோணும். மூணாவதுல இருக்கிறது பழைய வாரத்துக் கணக்கு. பழைய நோட்டையும் புது நோட்டையும் சேர்த்துக் கூட்டினா வர்ற விடை ரெண்டு நாளுக்கும் பொருந்தாது. திணறினாலும் ரெண்டாவது டிஸ்க்தான் வேணும்.

அது டிக் டிக்னு அடிக்கல, சுத்துது, சில இடம் மட்டும் படிக்க முடியல. அதனால டிடிரெஸ்க்யூங்கற இலவச நிரல் போதுமா இருந்துச்சு. இது முதல்ல நல்லா படிக்கிற பகுதியை எல்லாம் வேகமா நகல் எடுத்துக்கும், கஷ்டமான இடங்களை மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுட்டுக் கடைசியா திரும்பி வரும். நோயாளி டிஸ்க் நடுவுல செத்தாலும் பெரும்பகுதி கையில இருக்கும். ரெண்டு ராத்திரி ஓடுச்சு. நகல்களை மட்டும் வச்சு ரெய்டைச் சேர்த்தோம், அசலைத் தொடவே இல்ல. பாக்கி ஷீட்டும் டேலியும் முழுசா வந்துச்சு. சில டிசைன் ஃபைல் பாதியில உடைஞ்சிருந்துச்சு, அதை மறுபடி வரைஞ்சுக்கிட்டாங்க. டிஸ்க் டிக் டிக்னு அடிச்சிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன். அது ஹெட் போன சத்தம். ஒவ்வொரு தடவை ஆன் பண்றப்பவும் தட்டு கீறும்.

சரி, இது வறண்ட கேஸ். நம்ம ஏரியாவோட பெரிய பிரச்சினை தண்ணி.

2015 டிசம்பர் 2 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்துல தாம்பரத்துல பதிவான மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்துல 47. எல்லாரும் செம்பரம்பாக்கத்தையே பேசுவாங்க, ஆனா அந்த உபரி நீர் அடையாறுல வந்து சேர்றது திருநீர்மலை பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதுக்கு மேல, ஆத்தோட மேல்பக்கம் இருக்கு. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வந்த தண்ணிதான் அங்க ஏறினது. நவம்பர் நடுவுலயே ஒரு தடவை வந்து போன தண்ணி, டிசம்பர்ல திரும்பி வந்துச்சு. நான் அப்போ காலேஜ்ல இருந்தேன். தண்ணி வடிஞ்சப்புறம் கடைக் கடையா வாசல்ல மேசை, ஃபைல், சிபியு எல்லாத்தையும் வெயில்ல பரப்பி வச்சிருந்தது ஞாபகம் இருக்கு. இயல்பா எல்லாரும் செய்யுறது அதுதான். ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் அது விஷம்.

காரணம் சொல்றேன். சாதாரண ஹார்ட் டிஸ்க் காத்துப் புகாத பெட்டி இல்ல. உள்ளயும் வெளியயும் காத்தழுத்தம் சமமா இருக்கணும்னு மூடி மேல வடிகட்டி வச்ச ஒரு குட்டித் துளை இருக்கும். ஹீலியம் அடைச்ச டிஸ்க்குகளுக்கு மட்டும்தான் அது கிடையாது. வெள்ளத் தண்ணி அந்தத் துளை வழியா உள்ள போகும், கூடவே சேறு, சாக்கடை, எண்ணெய். ஓடுறப்போ ஹெட் தட்டுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துலதான் பறக்குது. ஒரு தலைமுடி அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தடிமன். காஞ்ச சேத்துத் துகள் ஒண்ணு தட்டு மேல ஒட்டியிருக்க, நிமிஷத்துக்கு 7,200 சுத்து சுத்தினா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க.

அதனால நனைஞ்ச டிஸ்க்கைக் காய வைக்காதீங்க. ஹேர் டிரையர் வேண்டாம், அரிசி மூட்டை வேண்டாம், முக்கியமா "வேலை செய்யுதான்னு பார்ப்போம்"னு கரன்ட் கொடுக்கவே வேண்டாம். ஈரமாவே ஜிப் கவர்ல போட்டு மூடி லேப்புக்கு அனுப்பணும். காஞ்சா சேறும் உப்பும் தட்டுல ஒட்டிக்கும், ஈரமா இருந்தா கழுவி எடுக்க முடியும். லேப்ல வடிகட்டின காத்து ஓடுற மேசையில திறந்து, தட்டைச் சுத்தம் பண்ணி, அதே மாடல் டிஸ்க்கோட பாகங்களை மாட்டிப் படிப்பாங்க.

இது எவ்வளவு தூரம் முடியும்ங்கறதுக்கு ஒரு உதாரணம். 2003 பிப்ரவரி 1ல கொலம்பியா விண்கலம் உடைஞ்சு சிதறுச்சு இல்லையா, அதுல இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் பல மாசம் கழிச்சு டெக்ஸஸ்ல காஞ்சுபோன ஒரு ஏரிப் படுகையில கிடைச்சது. பார்க்க உருகின இரும்பு மாதிரி. க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனம் அதுல இருந்த டேட்டால 99 சதவீதத்தை மீட்டாங்க. செனான் வாயு பத்தின அந்தச் சோதனை முடிவு 2008ல பிசிகல் ரிவ்யூ இ இதழ்ல வந்துச்சு. தட்டு கோணாம இருந்ததும், அந்தக் கம்ப்யூட்டர் பழைய டாஸ்ல ஓடினதால டேட்டா சிதறாம ஒரே பக்கமா எழுதியிருந்ததும்தான் காரணம். ஆகாயத்துல இருந்து விழுந்த டிஸ்க் தப்பிச்சது. அதுக்கப்புறம் அதை யாரும் வீட்ல ஆன் பண்ணிப் பார்க்கல, அதுவும் ஒரு காரணம்னு நான் சொல்லுவேன்.

இன்னொரு நம்மூர் வைத்தியம், ரிச்சி தெருவுல அதே மாடல் போர்டு வாங்கி மாத்துறது. பழைய டிஸ்க்ல அது பலிக்கும். இப்போ இருக்கிற டிஸ்க்ல அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டுல ஒரு சின்ன ரோம் சிப்ல எழுதியிருக்கும், அந்தச் சிப்பையும் எடுத்துப் புதுப் போர்டுல பற்றவைக்கணும். அதனால மாத்தினாலும் பழைய போர்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. எஸ்எஸ்டி பத்தி நிறைய பேர் கேட்கிறீங்க. அழிச்ச ஃபைலை ட்ரிம்ங்கற வசதி உள்ளேயே துடைச்சுடும், அதுல நம்பிக்கை வைக்காதீங்க.

டிஸ்க்கை விட்டுட்டு இன்னொரு பக்கம் வாங்க. லேப்ல கேட்கிற பணம் டிஸ்க் எண்ணிக்கையோட ஏறும், சின்னக் கடைக்கு அது பெரிய தொகை. கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து, இந்த டேட்டா வேற எங்க இருக்குன்னு எழுதுங்க. ஆடிட்டர் கம்ப்யூட்டர்ல போன வருஷ டேலி பேக்கப் இருக்கும். 2015ல வாட் காலம், இப்போ ஜிஎஸ்டி போர்ட்டல்ல நீங்க கட்டின ஜிஎஸ்டிஆர் 1ல பில் வாரியா விற்பனை இருக்கு, 2பில உங்க சப்ளையர்கள் போட்ட பில் இருக்கு. பேங்க் ஸ்டேட்மென்ட், மெயில்ல போன பிடிஎஃப், கஸ்டமருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பின டிசைன். பாதிக் கணக்கு இப்படியே எழுந்து வந்துடும்.

வராதது எதுன்னு பாருங்க. பில் போடாம கை வாக்குல கொடுத்த பாக்கி, வேலை நடுவுல இருக்கிற ஆர்டர், வாங்கின அட்வான்ஸ், ஆளுங்களுக்குக் கொடுத்த கைமாத்து. அந்தப் பிரஸ் அண்ணனுக்கும் பதற்றம் அந்தப் பாக்கி ஷீட்டுக்குத்தான். யார் தரணும்னு தெரியாம போய்க் கேட்க முடியாது, கேட்டாலும் நம்மகிட்ட ஆதாரம் இல்ல. லேப்காரர்கிட்டயும் இந்த ஃபோல்டர் பேரைத்தான் முதல்ல சொல்லணும். கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: அசல்ல வேலை செய்வீங்களா, நகல் எடுத்தா? மீண்ட ஃபைல் லிஸ்ட்டைக் காட்டினப்புறம் பணம் வாங்குவீங்களா? முதல் கேள்விக்கு மழுப்பினா டிஸ்க்கைத் திரும்ப வாங்கிட்டு வந்துடுங்க.

உங்களுது பிரைவேட் லிமிடெட்னா இன்னொண்ணு. கணக்குப் புத்தகத்தைக் கம்ப்யூட்டர்ல வச்சிருந்தா இந்தியாவுக்குள்ள இருக்கிற சர்வர்ல பேக்கப் வைக்கணும்னு கம்பெனி விதி ஏற்கனவே இருக்கு. முன்னாடி "அவ்வப்போது"ன்னு இருந்ததை 2022 ஆகஸ்ட்ல "தினமும்"னு மாத்திட்டாங்க.

அந்த ரெண்டாவது காப்பி எங்க இருக்கணும்? நம்மாளுங்க சாயங்காலம் பென் டிரைவ்ல எடுத்துட்டு வீட்டுக்குப் போவாங்க. நல்ல பழக்கம். ஆனா கடை முடிச்சூர்ல, வீடு வரதராஜபுரத்துல இருந்தா ரெண்டும் ஒரே ஆறு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ அந்தப் பக்கமும் தண்ணி, இந்தப் பக்கம் வேளச்சேரி பள்ளிக்கரணையும் தண்ணி. தாம்பரத்துல கடை இருக்கிறவர் காப்பியை மதுரையில இருக்கிற தங்கச்சி வீட்டு டிஸ்க்குக்கு நெட் வழியா அனுப்பலாம், இல்ல கிளவுட்ல மாசம் கட்டி வைக்கலாம். எதுவா இருந்தாலும் எப்பவும் சொருகியே இருக்கிற டிஸ்க்கை பேக்கப்னு எண்ணாதீங்க.

அப்புறம் வாரத்துல ஒரு நாள், ஞாயித்துக்கிழமை வச்சுக்குங்க, அந்தக் காப்பியில இருந்து டேலியை வேற கம்ப்யூட்டர்ல திறந்து நேத்தைய கடைசி பில் நம்பர் இருக்கான்னு பாருங்க. பத்து நிமிஷ வேலை. திறக்கலைன்னா எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, பெட்டி என்ன மாடல், எத்தனை டிஸ்க், எந்த லைட் எரியுதுன்னு சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோட் யுபிஎஸ் பேட்டரி பத்தி.