அரசியல் மாணவரும் ஜெர்மன் மொழியும்

அரசியல் விஞ்ஞானத்தையும் சர்வதேச உறவுகளையும் பாடமாகக் கொண்ட மாணவர் ஜெர்மன் மொழியைக் கற்பது அவசியந்தானா என்ற கேள்வி இயல்பாகவே எழும். ஜெர்மனியிலுள்ள பல்கலைக் கழகங்களிலேயே இன்று ஆங்கிலத்தில் நடத்தப்படும் வகுப்புகள் பல உண்டு. பெருநூல்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. இருந்தும் கற்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. இதனால் கிட்டும் வேலை வாய்ப்பைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. அரசியலில் ஒரு கூற்றைக் கேட்டதும் நாம் அறிய வேண்டுவன இரண்டு: அதன் பொருள் என்ன? அதற்குப் பொறுப்பாளி யார்? ஜெர்மன் மொழியில் எழுந்த கூற்றுகளைப் பொறுத்தவரை, இவ்விரண்டும் மொழிபெயர்ப்பில் எளிதாக நழுவிவிடுகின்றன.

முதலில் பொருளைப் பார்ப்போம். ‘பொலிட்டிக்’ என்பது ஜெர்மன் சொல். கட்சிகளின் போட்டி, தேர்தல், அதிகாரத்திற்கான போராட்டம் ஆகியவை அதில் அடங்கும். ஓர் அரசு வகுத்து நடத்தும் கொள்கையும் அதிலேயே அடங்கும். ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் வெவ்வேறு சொற்கள் உள்ளன. பிரஷ்யத் தளபதி கிளவுஸவிட்ஸ் எழுதி, அவர் மறைந்தபின் 1832இல் வெளிவரத் தொடங்கிய ‘போரைப் பற்றி’ என்ற நூலில், போர் என்பது பொலிட்டிக்கின் தொடர்ச்சியே என்னும் புகழ்பெற்ற கருத்து வருகிறது. ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் இரண்டு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ‘கொள்கை’ என்றால், அமைச்சர்கள் ஆற அமர எடுத்த முடிவின் கருவியாகப் போர் தோன்றும். ‘அரசியல்’ என்றால், பூசலும் வேட்கையும் போர்க்களத்திற்குள் புகுந்துவிடும். மூலத்தில் இரண்டும் ஒருங்கே உள்ளன. மாக்ஸ் வேபர் 1919 ஜனவரியில் மூனிக் நகர மாணவர்களிடையே அரசியலைப் பற்றி ஆற்றிய உரையின் தலைப்பிலுள்ள ‘பெரூஃப்’ என்ற சொல்லும் இத்தகையதே. பிழைப்புக்கான தொழில், உள்ளத்தில் எழும் அழைப்பு என்ற இரு பொருளையும் அது தாங்கி நிற்கிறது.

இனி, ஒரு நாட்டின் வரலாறே சொற்களில் பதிந்து கிடப்பதைக் காணலாம். மேற்கு ஜெர்மனி 1949 மே 23 அன்று தன் அரசியலமைப்பை வெளியிட்டபோது, அரசியலமைப்புக்குரிய ‘ஃபெர்ஃபாஸுங்’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தது. நாடு பிரிந்து கிடந்தமையால், இது தற்காலிக ஏற்பாடே என்று காட்ட, ‘அடிப்படைச் சட்டம்’ எனப் பொருள்படும் ‘குருண்ட்கெஸெட்ஸ்’ என்ற பெயரைச் சூட்டியது. மக்கள் சுதந்திரமாக ஓர் அரசியலமைப்பை ஏற்கும் நாளில் இச்சட்டம் முடிவுறும் என்று அதன் இறுதிப் பிரிவான 146ஆம் பிரிவு கூறிற்று. ஆனால் 1990இல் அந்த வழி மேற்கொள்ளப்படவில்லை. அன்றைய 23ஆம் பிரிவின்படி கிழக்கு ஜெர்மனி மேற்குடன் சேர்ந்துகொண்டது. கிழக்கு ஜெர்மன் நாடாளுமன்றம் 1990 ஆகஸ்ட் 23 அன்று நிறைவேற்றிய தீர்மானத்தில் உள்ள சொல் ‘பைட்ரிட்’, அதாவது சேர்தல். மேடைகளில் முழங்கிய சொல்லோ, ‘மீண்டும் ஒன்றாதல்’ என்று பொருள்படுவது. ஒன்று, சங்கத்தில் உறுப்பினராய்ச் சேர்வது போன்றது. மற்றது, பிரிந்த உடன்பிறந்தார் கூடுவது போன்றது. கிழக்கில் வாழ்வோர் பலருக்கு இன்றும் உள்ள மனத்தாங்கலைப் புரிந்துகொள்ள இவ்விரு சொற்களுக்கும் உள்ள தூரமே பேருதவி புரியும். தற்காலிகமென்று வைத்த பெயரோ இன்றும் நீடிக்கிறது.

அடுத்தது பொறுப்பாளி யார் என்பது. இங்கே தமிழ் மாணவருக்கு ஒரு வசதி உண்டு. ‘அமைச்சர் வந்தார்’ என்பதற்கும் ‘அமைச்சர் வந்தாராம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டுக் குழந்தையும் அறியும். ஜெர்மன் மொழியும் பிறர் கூற்றை எடுத்துரைப்பதற்கென்று வினைச்சொல்லுக்குத் தனி வடிவம் வைத்திருக்கிறது. ‘இருக்கிறது’ என்பது ‘இஸ்ட்’. பிறர் கூற்றாயின், அது ‘ஸை’ என மாறும். நம் ‘ஆம்’ சில வேளைகளில் ஐயத்தையும் ஏளனத்தையும் உடன் கொண்டுவரும்; ஜெர்மன் வடிவமோ ஐயமும் காட்டாது, உறுதியும் அளிக்காது. சொன்னவர் சொன்னார், எழுதுபவருக்கு அதில் பொறுப்பில்லை, அவ்வளவே. நாளிதழ்ச் செய்தியில் ‘என்று அமைச்சர் கூறினார்’ என ஒருமுறை எழுதிவிட்டால், அடுத்துவரும் ஐந்தாறு வாக்கியங்களை இந்த வினைவடிவமே காவல் காத்துச் செல்லும். ஆங்கிலத்தில் அக்காவல் எளிதில் விலகிவிடுகிறது. அமைச்சரின் கோரிக்கை பத்திரிகையின் கண்டுபிடிப்பாகக் காட்சி தருகிறது.

இதனை இலக்கண நுட்பமென்று தள்ளிவிட முடியாது. யூதர்மீது 1938 நவம்பரில் நாஜிகள் ஏவிய வன்கொடுமையின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக, 1988 நவம்பர் 10 அன்று பான் நகரில் மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றத் தலைவர் ஃபிலிப் யெனிங்கர் உரையாற்றினார். ஹிட்லரின் வெற்றிகளைக் கண்ட அக்காலத்துச் சாமானிய ஜெர்மானியர் என்ன எண்ணினர் என்பதை எடுத்துக்காட்டுவது அவர் நோக்கம். ஆனால் ‘என்று எண்ணினர்’ என்னும் வேலியைப் பல இடங்களில் இடாமல், அவர்கள் உள்ளக் குரலிலேயே கேள்விகளாக அடுக்கிச் சென்றார். கேட்டோர் பலருக்கு அவை அவருடைய சொந்தக் கருத்துகளாகவே ஒலித்தன. அவர் படித்த தொனியும் அதற்குத் துணை செய்தது. உறுப்பினர் பலர் எழுந்து வெளியேறினர். மறுநாளே அவர் பதவி துறந்தார். நாஜிக் கொடுமையைக் கண்டிக்க எழுந்தவர் நாஜிகளுக்குப் பரிந்து பேசியவராகக் கருதப்பட்டார். இந்த உரையை மூலத்தில் படிக்காமல் அவ்வழக்கைத் தீர்ப்பது கடினம்.

கற்பது எவ்வளவு கடினம் என்று கேட்கலாம். பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் மூன்று பால்களில் எதைச் சேர்ந்தது என்பதை மனப்பாடம் செய்வது சலிப்பான வேலைதான். அதற்குக் குறுக்கு வழி இல்லை. வேற்றுமைகள் நான்கே என்பது எட்டு வேற்றுமை கற்ற நமக்கு ஆறுதல். சார்பு வாக்கியங்களில் வினை இறுதியில் நிற்பதும் நமக்குப் பழகிய நடையே. முதன்மை வாக்கியத்தில் மட்டும் ஒரு விந்தை: வினை இரண்டாகப் பிரிந்து, பாதி முன்னும் பாதி கடைசியிலும் நிற்கும். ‘அரசு அந்த யோசனையை’ என்று தொடங்கிய வாக்கியம் ‘ஆன்’ என்று முடிந்தால் ஏற்கிறது என்று பொருள். ‘ட்ஸுரூக்’ என்று முடிந்தால் திரும்பப் பெறுகிறது என்று பொருள். உடனுக்குடன் மொழிபெயர்ப்போர் அந்தக் கடைசிச் சொல்லுக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருப்பர்.

அரசியல் மாணவர் கவிதையையும் நாவலையும் பின்னால் வைத்துக்கொள்ளலாம். அடிப்படை இலக்கணம் ஓராண்டில் கைவந்ததும், அடிப்படைச் சட்டத்தின் முதல் இருபது பிரிவுகளை அகராதியுடன் படிப்பது நல்ல தொடக்கம். அவற்றுட் பல சுருக்கமானவை. பின்னர் நாள்தோறும் ஒரு செய்திப் பத்தியை எடுத்து, ‘ஸை’ வரும் இடங்களை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் யார் கூற்று என்பதை ஓரத்தில் குறித்து வரலாம்.