மாடி ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது?

மழை பிடித்த பிறகு ஆள் தேடினால், கிடைத்தவரிடம் கேட்ட விலைக்கு வேலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஈரத்தளத்தில் பூச்சும் சரியாகப் பிடிக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறதென்றால், தளம் காய்ந்து கிடக்கும் கோடையிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது, “சதுர அடிக்கு எவ்வளவு?” போனிலேயே அதற்குப் பதில் சொல்லிவிடுகிறவரை நான் நம்பமாட்டேன். ஒழுகலுக்குக் காரணம் பல. தட்டோட்டின் இணைப்பு விட்டிருக்கலாம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் இருக்கலாம். வாட்டம் போதாமல் தண்ணீர் தேங்கலாம். மழையே இல்லாத மாதத்திலும் சீலிங்கில் ஈரம் தெரிந்தால் மாடி பாத்ரூம் குழாயைத்தான் சந்தேகப்பட வேண்டும். காரணம் தெரியாமல் அடிக்கிற கோட்டிங் வீண் செலவு.

ஆகவே வந்தவர் எப்படிப் பார்க்கிறார் என்பதைக் கவனியுங்கள். வேலை தெரிந்தவர் சுத்தியல் பிடியால் ஓடுகளைத் தட்டிக்கொண்டே நடப்பார். அடியில் பிடிப்பு விட்ட இடத்தில் சத்தம் பொள்ளென்று கேட்கும். ஒரு குடம் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். “எந்த மழையில ஒழுகுது, சாரல்லயா, விடாம பேயும்போதா?” என்று கேட்பார். இப்படிக் கேட்கிறவர் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாலும் அவருக்கே கொடுங்கள்.

அவர் முன்பு செய்த வேலையையும் நேரில் பாருங்கள். போன மாதம் முடித்த வீடு எப்படியும் பளபளப்பாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் கண்ட வீடாகக் கேளுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் தனியாக ஒன்றை விசாரித்தால் போதும்: குறை சொல்லிக் கூப்பிட்டபோது வந்தாரா?

கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள். லேபர் மட்டுமா, மெட்டீரியலோடு சேர்த்தா, எந்த சிமெண்ட், எந்தக் கெமிக்கல், எத்தனை கோட், பெயர்த்த ஓட்டை யார் அள்ளிப் போடுவது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதை இறக்கவிடாதீர்கள்.

பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கேட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம். முதல் கட்டப் பொருளுக்கு ஆகும் தொகையைக் கொடுத்துவிட்டு, மீதியை வேலை முடிய முடியக் கொடுங்கள். அதே சமயம், முடிந்த வேலைக்கான பணத்தை இழுத்தடிக்காதீர்கள். சனிக்கிழமை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சம்பளம் போட வேண்டும். போடாவிட்டால் திங்கட்கிழமை அவர்கள் வேறு சைட்டில் இருப்பார்கள்.

கடைசிப் பத்து சதவீதத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள். பூச்சு நன்றாக இறுகிய பிறகு, மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து, தளத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழே சீலிங் காய்ந்தே இருந்தால் அதையும் கொடுத்துக் கணக்கை முடிக்கலாம். இந்தச் சோதனையையும் முன்கூட்டியே கொட்டேஷனில் எழுதிவிடுங்கள். நேர்மையான காண்ட்ராக்டர் மறுக்கமாட்டார்.

பணத்தை வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்பினால் ரசீதுக்கு ரசீதும் ஆயிற்று. வேலை கெட்டு, கூப்பிட்டும் வராமல் போனால் அதுதான் உங்கள் ஆதாரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.