லேபிளும் விளம்பரமே: தனியுரிமைச் சித்த மருந்துகளும் சட்டத்தின் சொல்லாட்சியும்

சேலம், நாமக்கல் சமவெளியில் விற்கும் தனியுரிமைச் சித்த மருந்தொன்றின் லேபிளில் ‘சர்க்கரை நோய் தணியும்’ என அச்சிட்டிருப்பின், அது விவரமா, விளம்பரமா? பொய்க்கூற்றுத் தாங்கிய லேபிளை 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டமே குற்றமாக்குகிறது. 1954ஆம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வுகள் சட்டமோ லேபிளையும் மேலுறையையும், ஏன், புகையால் செய்யும் அறிவிப்பையுங்கூட விளம்பரம் என்றே வரையறுக்கிறது. குணப்படுத்துதலோடு தணித்தல், தடுத்தல் ஆகியவற்றையும் அது தடைக்குள் அடக்குவதால், வினைச்சொல்லை மென்மையாக்கித் தப்ப இயலாது. 1959இல் ஹம்தர்த் தவாகானா வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகு விளம்பரத்துக்குப் பேச்சுரிமைக் காப்பை மறுத்தது. எனினும் சட்டம் தந்த பறிமுதல் அதிகாரத்தைச் செல்லாததாக்கியது. 1963ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குறையை நீக்க முயன்றது.

மொழிச் சிக்கல் எஞ்சுகிறது. சட்ட அட்டவணையின் நோய்ப்பெயர்கள் ஆங்கிலத்தில் உள்ளன; லேபிள்களோ மதுமேகம், நீரிழிவு, சர்க்கரை எனப் பலவாறு எழுதுகின்றன. இவை ஒரு நோயையே குறிப்பன என நிறுவுவதற்குத் தமிழ் அகராதியியலின் துணை வேண்டும்.