காற்றாடிக்கு ஹெலிகாப்டர்! கட்டுமரத்தானுக்கு?

தாம்பரத்துப் பக்கம் குடியிருப்போருக்கு வானத்து இரைச்சல் புதிதல்ல. விமானப் படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் எழும், வட்டமிடும், மறையும். விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களையே உருவாக்கும் பள்ளி அங்கே இருக்கிறது. ஒரு கணம் அண்ணாந்து பார்க்கிறோம். மறு கணம், சோற்று டப்பாவை இடுக்கிக்கொண்டு மின்சார ரயிலுக்கு ஓடுகிறோம். வானம் யாருக்கோ, வண்டி நமக்கு என்றுதான் இத்தனை நாள் இருந்துவிட்டோம். அந்த வானத்திலே உழைப்பவனுக்கும் ஒரு பங்கு உண்டு. அதைக் கேட்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரும் சாலையிலே, பள்ளிக்கரணையில், ஓர் ஆராய்ச்சிக் கூடம் உண்டு. தேசியக் காற்றாற்றல் நிறுவனம் என்பது பெயர். 1998-ஆம் ஆண்டு, டென்மார்க் நாட்டின் துணையோடு துவக்கப்பட்டது. பேருந்துப் படியிலே தொங்கியபடி அதன் வாசலைப் பல நூறு முறை கடந்திருப்பீர்கள். உள்ளே என்ன நடக்கிறது? காற்றை அளக்கிறார்கள்! எந்த இடத்தில், எந்த மாதத்தில், எத்தனை உயரத்தில், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று கணக்கெடுக்கிறார்கள்.

"காற்றைப் போய் அளப்பதா? வேலையற்றவர் வேலை!" என்று கேலி பேசத் தோன்றும். பேசாதீர்கள்! ஆரல்வாய்மொழிக் கணவாயிலே வீசும் காற்றுத்தான், முப்பந்தலில் மின்சாரமாகி, எங்கோ ஒரு வீட்டிலே விளக்காக எரிகிறது. 1986-ல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் ஒரு சில காற்றாலைகளோடு துவங்கிய முயற்சி, இன்று தமிழகத்திலே 10,000 மெகாவாட்டுக்கும் மேலாக வளர்ந்து நிற்கிறது.

நிலத்துக் காற்றை அளந்தவர்கள், அடுத்துக் கடற்காற்றின் பக்கம் திரும்பினார்கள். குமரி முனையையும் மன்னார் வளைகுடாவையும் ஒட்டிய நம் தென்கடலிலே எட்டுப் பகுதிகளைக் குறித்தார்கள். 35,000 மெகாவாட் அளவுக்கு அங்கே காற்றாலை அமைக்க இயலும் என்று மதிப்பிட்டார்கள். 2024 ஜூன் 19-ஆம் நாள் டில்லி அமைச்சரவை கூடி, கடற்காற்றாலைத் திட்டத்துக்கென 7,453 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. குஜராத்துக் கடலிலே 500 மெகாவாட், தமிழகக் கடலிலே 500 மெகாவாட்! அந்தத் தொகையிலே 600 கோடி, இரு துறைமுகங்களை இதற்கேற்பச் சீராக்குவதற்கு. அறிவிப்பு வந்தது. ஆனால், இதை எழுதும் இந்நாள் வரை, இந்தியக் கடலிலே இத்தகைய காற்றாடி ஒன்றுகூட எழவில்லை.

"எழாத காற்றாடிக்கு இப்போது என்ன பேச்சு?" என்று கேட்கலாம். எழுவதற்கு முன் பேசினால் அது கோரிக்கை. எழுந்த பிறகு பேசினால் அது புலம்பல்! ஆகவேதான் இப்போது பேசுகிறோம்.

கடலிலே நடும் காற்றாடி, திருவிழாக் கடையிலே குழந்தைக்கு வாங்கித் தரும் காற்றாடி அல்ல. தூண் மட்டுமே நூறு மீட்டர் உயரத்துக்கு எழும். அதன் உச்சியிலே ஓர் அறை. அறைக்குள்ளே மின்னாக்கி, கம்பிகள், எண்ணெய்க் குழாய்கள். எந்திரம் என்றால் பழுதாகும். பழுதானால் ஆள் போக வேண்டும். எப்படிப் போவது? படகிலே போகலாம், கடல் அமைதியாக இருந்தால்! அலை ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்ந்தால், ஆடும் படகிலிருந்து ஆடாத ஏணிக்குத் தாவுவது ஆபத்து. இயற்கையின் வேடிக்கையைப் பாருங்கள்: எந்த மாதங்களிலே தென்மேற்குப் பருவக் காற்று வேகமெடுத்து மின்சாரத்தைக் கொட்டிக் கொடுக்குமோ, அதே மாதங்களிலேதான் கடலும் கொந்தளிக்கும். எந்திரம் நிற்கக் கூடாத காலமும் அதுவே. படகு செல்ல முடியாத காலமும் அதுவே!

எனவே ஹெலிகாப்டரைத் தேடுகிறார்கள். மணிக்கு 200 கிலோ மீட்டருக்கும் மேல் பறக்கும். 50 கிலோ மீட்டர் தொலைவுக்குக் கால் மணி நேரம் போதும். முதலில் காற்றாடியின் இறக்கைகளை நிறுத்திப் பூட்டிவிடுவார்கள். உச்சி அறையின் கூரை மீது, வேலியிட்ட ஒரு சிறு மேடை. ஹெலிகாப்டர் அந்த மேடையிலே இறங்காது. அதற்கு மேலே, அந்தரத்திலேயே நிற்கும். உள்ளிருந்து இரும்பு வடம் இறங்கும். அந்த வடத்தின் நுனியிலே தொங்கியபடி ஒருவன் இறங்குவான். யார் அவன்? முதலாளியா? பங்குதாரரா? அல்ல, தோழர்களே! உடலிலே வாரும், கையிலே கருவிப் பையுமாகத் தொங்குபவன், உங்களைப் போல் ஒரு பிட்டர். உங்களைப் போல் ஓர் எலெக்ட்ரீஷியன்! மேலே சுழலும் விசிறி, கீழே சீறும் கடல், நடுவே ஒரு வடம், அந்த வடத்திலே ஒரு தொழிலாளியின் உயிர்!

கதை அளக்கவில்லை. டென்மார்க்குக் கடலிலே, ஹார்ன்ஸ் ரெவ் என்னும் இடத்தில், 2002-ல் 80 காற்றாடிகளை நட்டபோதே இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலே ஹம்பர்சைடு என்றொரு விமான நிலையம். சின்ன நிலையம், இலண்டன் நிலையத்தின் ஆடம்பரம் எதுவும் கிடையாது. இரண்டாம் உலகப் போரிலே குண்டு வீசும் விமானங்கள் எழுந்த தளம் அது. 1974-ல் பொது மக்களுக்கான நிலையமாயிற்று. வட கடலின் எரிவாயு மேடைகளுக்கும், கரைக்கு 120 கிலோ மீட்டர் அப்பால் 174 காற்றாடிகளோடு எழுந்த ஹார்ன்சீ காற்றாலைக்கும், அங்கிருந்து ஹெலிகாப்டர்கள் பறந்தன. அழிவுக்குப் பிறந்த தளம், ஆக்கத்துக்கு உழைக்கிறது!

அதோடு முடியவில்லை. அடுத்த செய்தியை நிறுத்திப் படியுங்கள். 2015 முதல், அதே ஹம்பர்சைடிலே, கடலில் தத்தளிப்போரைத் தூக்கி வரும் மீட்பு ஹெலிகாப்டருக்கும் இடம் தந்திருக்கிறார்கள். ஒரே தளம். ஒரு கதவு திறந்தால் எந்திரத்தைக் காக்க. மறு கதவு திறந்தால் மனிதனைக் காக்க!

நம் நாட்டிலே இதற்கு முன்மாதிரி இல்லையா? உண்டு, காற்றாலைக்கு அல்ல, எண்ணெய்க்கு. பம்பாயிலே ஜூகு விமானத் தளம் இருக்கிறது. 1932-ல் கராச்சியிலிருந்து தபால் விமானம் வந்து இறங்கிய பழைய தளம். 1974-ல் பம்பாய்க்கு மேற்கே, 160 கிலோ மீட்டருக்கு அப்பால், கடலடியிலே எண்ணெய் கண்டார்கள். 1985-ல் பவன் ஹான்ஸ் என்ற அரசுக் கம்பெனி அமைந்தது. எண்ணெய் மேடைகளுக்குத் தொழிலாளரைச் சுமக்கும் தளமாயிற்று ஜூகு. எண்ணெய் வந்தது, உயிரும் போயிற்று! 2003 ஆகஸ்டில் 27 பேர், 2018 ஜனவரியில் 7 பேர், 2022 ஜூனில் 4 பேர், கடலில் விழுந்த ஹெலிகாப்டர்களிலே சென்று மாண்டனர். 2022-ல் விழுந்த ஹெலிகாப்டரிலே இருந்தவர் ஒன்பது பேர். ஐவர் பிழைத்தனர். எப்படி? எண்ணெய் மேடைக்குப் பக்கத்திலேயே விழுந்தது. மீட்கக் கலமும் ஆளும் அருகே இருந்தனர். பாடம் தெளிவானது: கடலுக்கு ஆளை அனுப்புகிறவன், மீட்பதற்கும் ஆளை நிறுத்தியிருக்க வேண்டும்!

இனி, நம் தென்கடலுக்கு வருவோம். அங்கே ஜூகுவாக அமையத் தக்க இடம் எது? தூத்துக்குடி வாகைக்குளத்திலே விமான நிலையம் இருக்கிறது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலை 26-ல் புதிய முனையத்தையும் திறந்தார்கள். பக்கத்திலேயே, ஆங்கிலேயனுக்கு எதிராகக் கப்பல் ஓட்டிய வ.உ.சி.யின் பெயர் தாங்கிய துறைமுகம். இராமேசுவரம் செல்லும் வழியிலே, உச்சிப்புளியில், 'பருந்து' என்ற பெயரிலே கடற்படையின் விமானத் தளம். இடத்துக்குப் பஞ்சமில்லை. நாளை, கடலிலே காற்றாடி எழுந்தால், இவற்றிலோ இவற்றுக்கு அருகிலோ ஹெலிகாப்டர் வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பதிலே தவறில்லை.

நிற்கட்டும், வரவேற்போம். ஆனால் ஒன்று கேட்போம்: யாருக்காக நிற்கும்?

2017 நவம்பர் இறுதியை மறந்துவிட்டோமா? ஒக்கிப் புயல்! குமரி மாவட்டத்து மீனவர் ஆழ்கடலிலே வலை விரித்திருந்தனர்; எச்சரிக்கை எட்டுமுன் புயல் எட்டிற்று. தமிழகம், கேரளம் இரண்டிலுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், அல்லது காணாமற் போயினர். கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு உயிருக்குப் போராடியவர் எத்தனை பேர்! கரையிலே தாய்மார் கதறினர். டிசம்பர் 7-ல் குழித்துறை ரயில் நிலையத்துத் தண்டவாளத்திலே ஆயிரக்கணக்கில் அமர்ந்தனர். குமரிக் கரையிலே மீட்பு ஹெலிகாப்டர் தளம் வேண்டும் என்ற குரல் அன்று எழுந்தது.

கடற்படை தேடவில்லை என்றோ, கடலோரக் காவல் படை மீட்கவில்லை என்றோ கூறமாட்டோம். தேடினர்; பலரை மீட்டனர். ஆனால், தொலைவிலிருந்து வர வேண்டிய ஊர்திக்கும், அருகே ஆயத்தமாக நிற்கும் ஊர்திக்கும் உள்ள வேறுபாடு என்ன? கரையிலிருப்பவனுக்கு அது சில மணி நேரம். நீரிலே மிதப்பவனுக்கு அது உயிர்!

அந்த வேறுபாட்டைத் தாம்பரத்தானுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிப் பெய்த மழை தாம்பரத்திலே ஒரே நாளில் 49 சென்டி மீட்டர்! அடையாறு கரை புரண்டது. முடிச்சூரும் வரதராசபுரமும் நீரிலே நின்றன. மீனம்பாக்கம் விமான நிலையம் மூடிக் கிடந்தது. அப்போது கை கொடுத்தது எது? தாம்பரத்துத் தளம்! மாடியிலே நின்று கையசைத்தவர்களுக்கு, தலைக்கு மேல் கேட்ட விசிறிச் சத்தம் இரைச்சலாகவா இருந்தது? தளம் பக்கத்தில் இருந்தது. உதவி பறந்து வந்தது. நமக்குக் கிட்டிய அந்தப் பக்கத்துத் தளம், குளச்சலுக்கும் தூத்தூருக்கும் வேண்டாமா?

"கம்பெனி தன் காசிலே வைக்கும் ஹெலிகாப்டரை ஊருக்கு உழைக்கச் சொல்வது நியாயமா?" என்று கணக்குப்பிள்ளை கேட்பார். அவருக்கும் பதில் உண்டு. காற்றாடி நிற்கப் போகும் கடலடி நிலம் கம்பெனியின் பாட்டன் சொத்தா? பொதுச் சொத்து! அதைக் குத்தகைக்குக் கொடுக்கவே 2023-ல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. கொடுக்கப்படும் உதவித் தொகையோ, மக்களின் வரிப் பணம். நிலமும் நம்முடையது, பணமும் நம்முடையது எனும்போது, குத்தகைப் பத்திரத்திலே ஒரு வரி சேர்க்கச் சொல்வது பிச்சையா? உரிமை! "ஆபத்து நேர்ந்தால், இந்தத் தளமும் இந்த ஹெலிகாப்டரும் கடலில் தவிப்போரை மீட்கப் பயன்பட வேண்டும், அதற்கான பயிற்சி பெற்ற ஆட்கள் எந்நேரமும் இருக்க வேண்டும்" என்ற ஒரு வரி! பழுது பார்ப்பவனை இறக்கும் வடத்துக்கு, மூழ்குபவனை ஏற்றத் தெரியாதா?

மேலும் இரண்டு கேட்கிறோம். காற்றாடி எங்கே நடுவது, வலை எங்கே வீசுவது என்பதை வரைபடத்திலே கோடு போட்டு முடிக்காதீர்கள். கடலை அறிந்த மீனவனை முதலில் அழைத்துக் கேளுங்கள். அவன் தொழிலைப் பறித்துவிட்டு அவனுக்கு மீட்பு ஊர்தி காட்டுவது, குடிசையைக் கொளுத்திவிட்டுக் குடை கொடுப்பது போலாகும்! அடுத்து, வடத்திலே இறங்கும் வேலைக்கு நம் பிள்ளைகளைப் பழக்குங்கள். 1949-ல் குரோம்பேட்டையிலே துவங்கிய எம்.ஐ.டி.யில்தான், இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். படகுக்காரன் பிள்ளைக்கு வானம் எட்டும் என்று காட்டிய வட்டாரம் இது. இங்கேயே பள்ளிக்கரணையில் அறிவு இருக்கிறது, ஐ.டி.ஐ. முடித்து வேலை தேடும் இளைஞரும் இருக்கிறார்கள். நீரில் கவிழ்ந்த ஹெலிகாப்டருக்குள்ளிருந்து வெளியேறும் பயிற்சி முதல், உயரத்திலே உயிர் காக்கும் பயிற்சி வரை கொடுங்கள். காண்ட்ராக்டர் கூட்டி வரும் பெயரற்ற கூலியாக அல்ல, சம்பளமும் காப்பீடும் உள்ள தொழிலாளியாக அவனை ஏற்றுங்கள்!

தோழர்களே! உங்கள் சங்கக் கூட்டத்திலே இதைப் பேசுங்கள். படிப்பகத்திலே பேசுங்கள். தெற்கே உறவினர் இருந்தால் கடிதம் எழுதுங்கள். கடலிலே காற்றாடி எழட்டும். வீட்டிலே விளக்கு எரியட்டும். அதை மறுப்பவர் நாமல்லர். எந்திரம் நின்றால் கால் மணி நேரத்திலே பறந்து வரும் ஊர்தி, மனிதன் மூழ்கினாலும் கால் மணி நேரத்திலே பறந்து வர வேண்டும். குத்தகைப் பத்திரத்திலே அந்த ஒரு வரி ஏறும் வரை, கேட்டுக்கொண்டே இருப்போம்!